மலைச் சாலைக்கு மட்கார்டு: பார்த்து வாங்கி மாட்டுவது எப்படி

நீலகிரிக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் கொண்டுவரும் கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு மட்கார்டு இருக்காது. கீழே, சமவெளியில் அது பெரிய குறையாகத் தெரியாது. மழை பிடித்தால் ஏதாவது ஒரு கடை ஓரமாக அரை மணி நேரம் நின்றால் வெறித்துவிடும். இங்கே அப்படி ஒதுங்கினால், ஜூனில் ஒதுங்கியவர் செப்டம்பரில்தான் வெளியே வர வேண்டியிருக்கும். மழை விட்டாலும் சாலை காயாது. மேகம் இறங்கி மூடிய நாட்களில் ஒரு துளி மழைகூட இல்லாமல் தார் பளபளவென்று நனைந்து கிடக்கும். ஜூலை மாதத்தில் பல நாட்கள் ஊட்டியில் பகலிலேயே 15, 16 டிகிரிதான். அந்தக் குளிரில் முதுகும் காலும் நனைந்து இறக்கத்தில் காற்று அடித்தால், கை விறைத்து பிரேக்கைப் பிடிக்கவே சிரமமாகிவிடும்.

இந்த மலையில் எல்லா இடத்திலும் மழைக்காலம் ஒன்றில்லை. கூடலூர், தேவாலா, பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி என்று மேற்கே இருப்பவை தென்மேற்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது பலருக்கும் நினைவிருக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் அடித்துப் பெய்யும். ஆக, மாவட்டத்துக்குள் இங்கும் அங்கும் ஓட்டுகிறவருக்கு மழைக்காலம் ஏறக்குறைய ஆறு மாதம். மழைக்கு மட்டும் மாட்டி மற்ற நாட்களில் கழற்றலாம் என்று பலர் திட்டம் போடுவார்கள். கழற்றி வைத்தது கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும். நிரந்தரமாக இருக்கப்போகிற பொருள் என்று நினைத்தே தேர்ந்தெடுங்கள்.

முன்சக்கரம்தான் முக்கியம்

மட்கார்டு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சட்டை முதுகில் விழும் செம்மண் கோடு. அது பின்சக்கரத்தின் வேலை. அசிங்கமாக இருக்கும், துவைத்தால் போகாது, அவ்வளவுதான். முன்சக்கரம் செய்வது அதைவிட மோசம். டயர் தண்ணீரை மேலே தூக்கிப்போய் முன்பக்கமாக வீசுகிறது. அது காற்றில் இருக்கும்போதே நீங்கள் அதற்குள் புகுந்துவிடுகிறீர்கள். ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது இது தெரியாது. இறக்கத்தில் வேகம் 30, 40 கிலோமீட்டரைத் தாண்டியதும் மண் கலந்த தண்ணீர் நேராகக் கண்ணுக்கு வரும். எதிரே பேருந்து ஏறி வரும் கொண்டை ஊசி வளைவில் கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுக்க முடியாது.

இன்னொரு பங்கு தண்ணீர் முன்டயரின் அடிப்பகுதியிலிருந்து பின்னோக்கித் தெறிக்கும். அது உங்கள் பாதத்தையும் பெடல் அச்சையும் செயினையும் நனைக்கிறது. முத்தோரை பாலாடா, இத்தலார் பக்கம் காய்கறி ஏற்றிய லாரிகள் தோட்டத்திலிருந்து சக்கரத்தோடு இழுத்துவரும் சேறு தார்ச்சாலை முழுக்கப் பரவியிருக்கும். அந்தச் சேறு செயினில் ஏறினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். ஆகவே பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முன்னால் நல்லதாக வாங்கிவிட்டு, பின்னால் ஏதாவது ஒட்டுவேலை செய்துகொள்ளுங்கள். கடைகளில் நேர் எதிராகத்தான் விற்கிறார்கள். சீட் கம்பியில் மாட்டும் பின் மட்கார்டு தனியாகத் தொங்கும், முன்னால் மாட்டுவதைக் கேட்டால் தேட வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மட்கார்டு போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டயர் தண்ணீருக்குள்தான் ஓடுகிறது, ரிம் நனையத்தான் செய்யும். ஈரத்தில் முன்கூட்டியே பிரேக் பிடிக்கத் தொடங்குவது எப்போதும்போல உங்கள் பொறுப்பு.

கடைக்குப் போகும் முன் வண்டியைப் பாருங்கள்

எந்த மட்கார்டு வாங்கலாம் என்பதை உங்கள் ஃபிரேம்தான் முடிவு செய்யும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் சக்கர அச்சு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், முன்னாலும் பின்னாலும், சின்னதாக மரை போட்ட ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது 5 மி.மீ. போல்ட்டுக்கான ஓட்டை. கேரியருக்கும் மட்கார்டுக்கும் அதுதான். சில வண்டிகளில் இரண்டு ஓட்டைகள் இருக்கும், ஒன்றில் கேரியர், ஒன்றில் மட்கார்டு என்று வசதியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்றுதான் இருக்கிறதென்றால் நீளமான போல்ட் போட்டு இரண்டையும் அதிலேயே மாட்ட வேண்டும்.

அடுத்தது, பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு குழாய்களையும் இணைக்கும் குறுக்குத் துண்டில் ஓட்டை உண்டா, பெடல் அச்சுக்குப் பின்னால் உள்ள குறுக்குத் துண்டில் உண்டா என்பது. மூன்றாவது, முன்ஃபோர்க்கின் தோள்பகுதியில், சக்கரத்துக்கு நேர் மேலே ஒரு ஓட்டை.

மூன்றும் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, முழு நீள மட்கார்டு போடலாம். ஹைபிரிட் என்று விற்கப்படும், முன்னால் சஸ்பென்ஷன் இல்லாத வண்டிகள் பலவற்றில் இது இருக்கும். அச்சுப் பக்கத்து ஓட்டை மட்டும் இல்லை என்றால், ரப்பர் உறை போட்ட பி வடிவக் கிளிப்பைக் குழாயில் சுற்றி அதில் மட்கார்டைத் தாங்கும் கம்பியை மாட்டலாம். கார்பன் ஃபோர்க்கில் மட்டும் இந்தக் கிளிப்பை இறுக்க வேண்டாம். சஸ்பென்ஷன் ஃபோர்க் உள்ள எம்டிபி (தடித்த டயர் போட்ட மவுன்டன் பைக்) என்றால் கதை வேறு, அதற்குக் கீழே வருகிறேன்.

பழைய 28 இஞ்ச் கறுப்புச் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. இரும்பு மட்கார்டோடுதான் அது பிறந்தது. கம்பிகள் அச்சு நட்டிலேயே மாட்டப்பட்டிருக்கும். துருப்பிடித்தால் அதே அளவில் வாங்கி மாற்றினால் போதும். 700சி என்று எழுதிய மட்கார்டு அதற்குச் சரியாக உட்காராது, ரிம் விட்டமே வேறு: அது 635 மி.மீ., 700சி என்பது 622 மி.மீ.

அகலமும் இடைவெளியும்

டயரின் பக்கச் சுவரில் 37-622, 54-584 என்பது போல ஒரு எண் அச்சடித்திருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம் அளவு, இரண்டும் மில்லிமீட்டரில். 622 என்றால் 700சி அல்லது 29 இஞ்ச், 584 என்றால் 27.5, 559 என்றால் 26.

மட்கார்டு டயரைவிடக் குறைந்தது 8 முதல் 10 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். 35 மி.மீ. டயருக்கு 45 மி.மீ. மட்கார்டு. 2.1 இஞ்ச் எம்டிபி டயர் ஏறக்குறைய 53 மி.மீ., அதற்கு 60 முதல் 65. குறுகலானதை வாங்கினால் டயரின் இரு ஓரங்களிலிருந்தும் தெறிக்கும் தண்ணீர் வெளியே வந்துகொண்டே இருக்கும், மாட்டியும் பயனில்லை.

இடைவெளிதான் இந்த மலையில் உயிர்நாடி. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே 10 மி.மீ. போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சுத்தமான நகரச் சாலைக்கு அது சரி. நீலகிரியில் சாலையோரம் கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) பட்டையை நீள நீளமாக உரித்துப் போட்டிருக்கும். சீகை (வாட்டில்) மரக் குச்சிகளும் காற்றில் விழுந்து கிடக்கும். இவை டயரில் ஒட்டி மேலே போய் மட்கார்டுக்குள் சொருகினால் சக்கரம் நின்றுவிடும். பின்சக்கரம் நின்றால் வண்டி இழுபடும், சமாளிக்கலாம். முன்சக்கரம் நின்றால் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழுவீர்கள். அதனால் இங்கே 15 மி.மீ.க்குக் குறையாமல் விட முடிந்தால் விடுங்கள். அவ்வளவு இடம் ஃபோர்க்கில் இல்லையென்றால் டயரை ஒரு அளவு ஒல்லியாக்குவது நல்லது. அதற்கும் மனமில்லை என்றால் முழு நீள மட்கார்டு உங்களுக்கானதில்லை.

இதே காரணத்துக்காக, முன் மட்கார்டின் கம்பிகள் அழுத்தம் வந்தால் தானாகக் கழன்றுகொள்ளும் பிளாஸ்டிக் கிளிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். குச்சி சிக்கினால் கம்பி படக்கென்று விடுபட்டு மட்கார்டு விலகும், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜெர்மனியின் எஸ்கேஎஸ் போன்ற நிறுவனங்களின் முழு நீள வகைகளில் இது வரும். விலை மலிவான சிலவற்றில் இருக்காது. கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், நிறத்தை அப்புறம் பார்க்கலாம்.

பொருளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நடுவில் மெல்லிய அலுமினியத் தகடு வைத்து இரு பக்கமும் பிளாஸ்டிக் பூசியது பெரும்பாலானவர்களுக்குப் போதும். துருப்பிடிக்காது, வளைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும். முழு அலுமினியம் அழகு, ஆனால் சரியாக மாட்டாவிட்டால் போல்ட் ஓட்டையைச் சுற்றி வெடித்துவிடும். இரும்பு இந்த ஈரத்தில் மடித்த ஓரத்திலிருந்து துருவேறத் தொடங்கும்.

எடுத்துவைக்க வேண்டியவை

4 மி.மீ. அலென் கீ, 8 மி.மீ. ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், ஆக்ஸா பிளேடு, அரம். ஹார்டுவேர் கடையில் 5 மி.மீ. எஸ்.எஸ். போல்ட் 12, 16, 25 மி.மீ. நீளங்களில் சிலவும், லாக் நட், வாஷர், ரப்பர் வாஷரும் வாங்கிவையுங்கள். பெட்டியோடு வரும் போல்ட்டுகள் பெரும்பாலும் மட்டமானவை. கொஞ்சம் கிரீஸ். தடிமனான அட்டைப்பெட்டித் துண்டு ஒன்று, எதற்கென்று இப்போது தெரியும்.

ஃபிரேமில் உள்ள மரை ஓட்டைகள் பெயின்ட்டால் அடைத்திருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, போல்ட்டை விரலாலேயே நேராகப் பிடித்துத் திருகி, பாதி போனதும் வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி விடுங்கள். இறுக்கமாக இருக்கிறதே என்று ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். சரிவராவிட்டால் மரை வெட்டும் டேப் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், இரண்டு நிமிட வேலை.

பின்னால் மாட்டுவது

பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மட்கார்டைக் கீழிருந்து உள்ளே நுழையுங்கள். முதலில் பெடல் அச்சுக்குப் பின்னால் உள்ள குறுக்குத் துண்டில் அதன் முன்முனையைப் பிடியுங்கள், அப்புறம் மேலே உள்ள குறுக்குத் துண்டில். எதையும் முழுதாக இறுக்க வேண்டாம். சக்கரத்தை மறுபடி மாட்டுங்கள்.

இப்போது அட்டைத் துண்டுகள். தேவையான இடைவெளி அளவுக்கு மடித்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மூன்று நான்கு இடங்களில் சொருகிவிடுங்கள். மட்கார்டு டயரின் வளைவோடு ஒரே சீராக நிற்கும். அந்த நிலையில் கம்பிகளை அச்சுப் பக்கத்து ஓட்டையில் மாட்டி, நீளத்தைச் சரிபார்த்து, ஒவ்வொரு போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். எந்த இடத்திலாவது மட்கார்டை இழுத்துப் பிடித்தோ வளைத்தோதான் ஓட்டைக்குக் கொண்டுவர முடிகிறது என்றால், அங்கே வாஷரோ சின்னக் குழாய்த் துண்டோ வைத்து இடத்தை நிரப்புங்கள். இழுவையோடு இறுக்கிய மட்கார்டுதான் ஒரு பருவத்துக்குள் அந்த இடத்தில் வெடிக்கும், கடகடவென்று சத்தம் போடுவதும் அதுதான்.

செயின் பக்கத்து போல்ட்டை மட்டும் தனியாகக் கவனியுங்கள். அது உள்பக்கமாக நீண்டிருந்தால், மிகச் சிறிய பல்சக்கரத்தில் செயின் ஓடும்போது போல்ட் நுனியில் உரசும். மாட்டியதும் அந்தக் கியருக்கு மாற்றிப் பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசினால் குட்டை போல்ட் போடுங்கள்.

டிஸ்க் பிரேக் இருந்தால் இடது பக்கக் கம்பி, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் இடிக்கும். 10, 15 மி.மீ. நீளக் குழாய் வடிவ ஸ்பேசர் ஒன்றை போல்ட்டில் கோத்துக் கம்பியை வெளியே தள்ளலாம், அல்லது கம்பியையே காலிப்பரைச் சுற்றிப் போகும்படி வளைக்கலாம். வளைப்பதை வைஸில் பிடித்துச் செய்யுங்கள். வண்டியில் மாட்டிவைத்து வளைத்தால் மரை ஓட்டைதான் வளையும்.

முன்னால் மாட்டுவது

முறை அதேதான். ஃபோர்க் தோளில் உள்ள ஓட்டையில் மட்கார்டின் தகட்டை மாட்டி, அட்டை வைத்து, கம்பிகளை அச்சுப் பக்கம் கொண்டுவாருங்கள். மட்கார்டு ஃபோர்க்குக்கு முன்னால் ஒரு சாணாவது நீண்டிருக்கட்டும், இறக்கத்தில் முகத்தைக் காப்பது அந்தப் பகுதிதான். பின்பக்க முனை எவ்வளவு கீழே வருகிறதோ அவ்வளவு நல்லது.

கம்பெனியிலிருந்து வரும் மட்கார்டுகள் பெரும்பாலும் கீழே குட்டையாகத்தான் இருக்கும். அங்கே ரப்பர் தொங்கல் ஒன்று வைத்தே ஆக வேண்டும். பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள். மட்கார்டின் அகலத்தைவிட இரண்டு விரல் கூடுதலாக, கீழே போகப் போக விரியும்படி வெட்டி, தரையிலிருந்து 6, 7 செ.மீ. உயரத்தில் நிற்குமாறு இரண்டு சின்ன போல்ட்டில் மாட்டுங்கள். நட்டு டயர் பக்கம் வராமல் வெளிப்பக்கம் இருக்கட்டும். தடித்த பிளாஸ்டிக்கை வெட்டி வைக்காதீர்கள். வேகத்தடையில் இடிக்கும்போது ரப்பர் மடங்கும், பிளாஸ்டிக் மட்கார்டையே மேலே தள்ளும். ஷூவை நனையாமல் காப்பது மட்கார்டைவிட இந்தத் தொங்கல்தான். கூட்டமாக ஓட்டப் போகிறவர்கள் பின்னாலும் ஒன்று வையுங்கள், பின்னால் வருபவர் வாழ்த்துவார்.

கம்பிகள் நீளமாக இருந்தால் ஆக்ஸா பிளேடால் அறுத்து, முனையை அரத்தால் தேய்த்து, உடன் வரும் பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள். அறுப்பதற்கு முன் எல்லாம் சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது, அறுத்ததை ஒட்ட முடியாது.

சாலைக்கு எடுக்கும் முன்

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள், உரசல் சத்தம் இருக்கக் கூடாது. வண்டியை ஒரு சாண் தூக்கித் தரையில் போடுங்கள். எங்கே கடகடக்கிறதோ அங்கே ரப்பர் வாஷர் வேண்டும்.

அடுத்தது மலைக்காரர்களுக்கே உரிய சோதனை. சீட்டில் உட்கார்ந்து, பெடலை முன்பக்கமாகப் படுக்கைவசத்தில் நிறுத்தி, ஷூ போட்ட காலை வைத்து, ஹேண்டிலை அந்தக் காலுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். ஷூ நுனி மட்கார்டில் இடிக்கிறதா? சின்ன ஃபிரேம்களில் இடிக்க நிறைய வாய்ப்பு உண்டு. வேகமாகப் போகும்போது ஹேண்டில் அவ்வளவு திரும்பாது என்பதால் இது தெரியவே தெரியாது. ஆனால் கொண்டை ஊசியில் நடை வேகத்தில் ஏறும்போது ஹேண்டில் நன்றாகத் திரும்பும், அந்த நேரத்தில் கால் மாட்டினால் பின்னால் வரும் லாரியின் முன்னால் சாய்வீர்கள். இடித்தால் மட்கார்டைக் கொஞ்சம் டயர் பக்கம் நெருக்கிப் பாருங்கள், ஆனால் இடைவெளியைப் பலிகொடுக்காமல். அப்படியும் இடிக்கிறதென்றால் உள்பக்கக் காலைக் கீழே வைக்காமல் மேலே வைத்து வளைவில் திரும்பும் பழக்கம் வேண்டும். காலியான மைதானத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டம் பக்கத்திலேயே இருக்கட்டும். ஊட்டிக்காரர் என்றால் லவ்டேல், கேத்தி வரை போய்த் திரும்பலாம். வந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். புது மட்கார்டு முதல் இறக்கத்தில் கட்டாயம் கொஞ்சம் தளரும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறக்குறைய 1500 மீட்டர் இறக்கத்தை முதல் நாளே இந்தப் புது மட்கார்டோடு இறங்க வேண்டாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசிகள் கொண்ட கல்லட்டிப் பாதையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

சஸ்பென்ஷன் வண்டிக்காரர்களுக்கு

ஃபோர்க் மேலும் கீழும் அமுங்குவதால் முழு நீள மட்கார்டு பெரும்பாலும் ஒத்துவராது. உங்களுக்கு மூன்று துண்டு வழி. ஃபோர்க்கின் கீழ்க்கால்கள் இரண்டையும் இணைக்கும் வளைவில் கேபிள் டை போட்டுக் கட்டும் தட்டையான துண்டு ஒன்று. இது சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும், இடைவெளி மாறாது, முகத்தைக் காக்கும். ஃபிரேமின் கீழ்க்குழாயில் மாட்டும் நீளமான துண்டு இன்னொன்று, பின்னோக்கி வரும் சேற்றைத் தடுக்கும். பின்னால் சீட் கம்பியில் மாட்டுவது மூன்றாவது. அது இறக்கத்தில் ஆடி ஆடி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். மாட்டும் இடத்தில் பழைய டியூப் துண்டைச் சுற்றிவிட்டு இறுக்கினால் நிற்கும். பாதம் நனையத்தான் செய்யும், அதற்கு இந்த வண்டியில் வழி இல்லை.

ஃபோர்க் தோளில் நிலையாக மாட்டும் வகை ஒன்றும் கடைகளில் உண்டு. அதை வாங்கினால், முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் ஹேண்டில் மேல் சாய்த்து ஃபோர்க்கை அமுக்கிப் பாருங்கள். முழுதாக அமுங்கும்போதும் டயர் மட்கார்டைத் தொடக் கூடாது.

முதல் துண்டை வீட்டிலேயே செய்யலாம். தண்ணீர் பாட்டிலை வெட்டிச் செய்யும் யோசனை எங்கும் கிடைக்கும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பதால் அந்தப் பாட்டிலே இங்கே இருக்கக் கூடாது, இருந்தாலும் அது மெலிசு, காற்றில் படபடக்கும். ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய் கேனின் பக்கச் சுவர் இதற்கு நல்ல பதம். நடுவில் அகலமாகவும் இரு முனைகளிலும் குறுகலாகவும் வெட்டி, சூடு காட்டிய ஆணியால் நான்கு ஓட்டை போட்டு, கேபிள் டையால் வளைவில் கட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் ஊர்த்தூசி முழுக்க அதில்தான் இருக்கும்.

பராமரிப்பு

சேற்றில் ஓட்டிவிட்டு வந்தால் மட்கார்டின் உள்பக்கத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். செம்மண் காய்ந்து அடுக்கடுக்காக ஒட்டினால் பார்த்துப் பார்த்து விட்ட இடைவெளி பாதியாகிவிடும். காட்டுப் பக்கம் ஓட்டும்போது டயரிலிருந்து சரசரவென்று சத்தம் கேட்டால் அப்போதே நிறுத்திக் குச்சியை எடுத்துவிடுங்கள், தானாக விழுந்துவிடும் என்று உருட்டிக்கொண்டு போகாதீர்கள். மாதம் ஒருமுறை போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். சீட்டுப் பையில் 5 மி.மீ. போல்ட் இரண்டும் கேபிள் டை நான்கும் எப்போதும் கிடக்கட்டும். நடுவட்டத்துக்கும் பைக்காராவுக்கும் நடுவில் கம்பி கழன்றால், இந்த இரண்டை வைத்தே வீடு வந்து சேரலாம்.